டே சென்டரை மூடப் போகிறோம் என்று கவுன்சில் கடிதம் போட்டால்

இங்கிலாந்தில் குறைபாடு உள்ள பெரியவர்கள் பகலைக் கழிப்பதற்குக் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) நடத்தும் டே சென்டருக்குப் போய் வருகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கில்லாவிட்டாலும் என்றோ ஒரு நாள் அந்தக் கடிதம் வரும். "பகல்நேரச் சேவைகளை மேம்படுத்துகிறோம், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று இனிப்பாகத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தின் நடுவில் எங்கேயோ கட்டடத்தை மூடும் யோசனையைச் சொல்லும். எங்களுக்கு வந்தபோது அம்மா அதைக் கரண்ட் பில்களோடு சேர்த்து லாச்சிக்குள் வைத்துவிட்டார். என் கண்ணில் பட்டபோது கருத்துச் சொல்லக் கொடுத்த காலத்தில் பாதி போய்விட்டது.

என் தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது. லேர்னிங் டிசபிலிட்டி, அதாவது அறிவு வளர்ச்சிக் குறைபாடு, அதோடு வலிப்பு. வாசிக்கத் தெரியாது, காசுக் கணக்கு பிடிபடாது, தனியே ரோட்டைக் கடக்க விட முடியாது. ஆனால் ஒரு தரம் பார்த்த முகத்தை மறக்க மாட்டான், யார் எந்தக் கதிரையில் இருக்க வேண்டும் என்பதில் பெரிய சட்டாம்பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது சின்னப் பெடியன். இங்கே ஸ்பெஷல் ஸ்கூல், பிறகு கொஞ்சக் காலம் காலேஜ், அதற்குப் பிறகு கிழமைக்கு ஐந்து நாளும் டே சென்டர். நான் வேலைக்குப் போகிறேன், அம்மாவுக்கு எழுபது தாண்டி முழங்கால் வலி, அப்பா இல்லை. எந்தக் கவுன்சில் என்று சொல்லப் போவதில்லை. பக்கத்துக் கவுன்சிலில் இருப்பவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

அந்த சென்டர் ஒன்றும் சொர்க்கம் இல்லை, அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. பெரிய ஹோல், சுவரோரமாகக் கதிரைகள், துண்டுகள் தொலைந்த பஸில் பெட்டிகள். நாற்பது வயது மனிதன் குழந்தைகளின் கார்ட்டூன் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டு வந்து காட்டும்போது எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும். ஆட்கள் குறைந்த நாளில் டிவிதான். ஆனால் மத்தியானம் சூடான சாப்பாடு, உயர்த்தும் கருவியோடு பெரிய டாய்லெட், காலையில் வாசலுக்கு வந்து பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடும் மினிபஸ், வலிப்பு வருவதற்கு முன் அவன் முகம் எப்படி மாறும் என்று தெரிந்த ஊழியர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அவனுடைய கூட்டாளிகள். இதெல்லாம் அங்கே இருந்தன என்பதே அவை இல்லாமல் போகும் பேச்சு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது, ஏனென்றால் இவற்றில் ஒன்றுகூட அவனுக்கு என்ன உதவி வேண்டும் என்று கவுன்சில் எழுதி வைக்கும் கேர் பிளானில் எழுதப்பட்டிருக்கவில்லை. "டே சென்டர், கிழமைக்கு 5 நாள்" என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு முழுக்க.

இந்தச் சீர்திருத்தம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் கூட்டத்தில் யாரோ "வேல்யூயிங் பீப்பிள்" என்று சொல்லும்போது திருதிருவென்று முழிக்க வேண்டி வரும். ஒரு காலத்தில் இங்கே இப்படிப்பட்ட ஆட்களைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆயுளுக்கும் அடைத்து வைத்திருந்தார்கள். 1971-இல் வந்த அரசாங்க வெள்ளை அறிக்கை அவர்களை வெளியே கொண்டுவந்து, உள்ளூராட்சி சபைகள் வதிவிடமும் பகல்நேரப் பயிற்சி நிலையங்களும் நடத்த வேண்டும் என்றது. அடல்ட் டிரெய்னிங் சென்டர் என்ற பெயரில் அவை பெருகின. பெட்டி ஒட்டுவது, சாமான்களைப் பையில் போட்டுக் கட்டுவது மாதிரியான வேலைகள், கைச்செலவுக்குச் சில்லறை. பிறகு பெயர்ப் பலகை மாறிக்கொண்டே வந்தது, உள்ளே கதிரைகள் மாறவில்லை. 2001-இல் வந்த வேல்யூயிங் பீப்பிள் என்ற வெள்ளை அறிக்கைதான் உரிமை, சுயாதீனம், தெரிவு, எல்லோரோடும் சேர்ந்து வாழ்வது என்ற நாலையும் முன்னுக்கு வைத்து, கூட்டமாக ஒரு கட்டடத்தில் இருத்தி வைக்கும் சேவையை மாற்றச் சொன்னது. இது கணக்குப்பிள்ளைகளின் மூளையில் உதித்த யோசனை இல்லை. லேர்னிங் டிசபிலிட்டி உள்ளவர்களே "எங்களுக்கும் வேலை வேண்டும், வெளியே போக வேண்டும், யாரோடு இருப்பது என்று நாங்களே தீர்மானிக்க வேண்டும்" என்று பல வருஷம் கேட்டு வந்த விஷயம்.

சிக்கல் என்னவென்றால் 2010-க்குப் பிறகு கவுன்சில்களுக்கு வரும் காசு இறுகியது. 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக மூடிய சென்டர்கள் பல பழையபடி திறக்கவே இல்லை. 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாதிரிப் பெரிய கவுன்சிலே 114 நோட்டீஸ் போட்டது, அதாவது சட்டப்படி கட்டாயமானவை தவிரப் புதிதாக எதற்கும் செலவழிக்க முடியாத நிலை. ஆகவே இன்றைக்கு அந்தக் கடித உறைக்குள் இரண்டு சாமான் ஒன்றாக வருகிறது: ஒரு நல்ல யோசனையும், ஒரு செலவுக் குறைப்பும். இரண்டையும் பிரித்தெடுப்பது நம் வேலை. கூட்டத்தில் நான் கேட்ட கேள்விகளில் பலன் தந்தது ஒன்றுதான்: மூடினால் மிச்சமாகும் காசில் எவ்வளவு இதே ஆட்களின் புதிய சேவைக்குப் போகும்? மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எழுத்தில் பதில் தருகிறோம் என்றார்கள், நாங்கள் விடாமல் கேட்டபடியால் தந்தார்கள்.

கருத்துக் கேட்பு பற்றி. ஆன்லைன் படிவத்தில் "உங்களுக்குக் கூடுதலான தெரிவுகள் வேண்டுமா?" என்று ஒரு கேள்வி. யார் வேண்டாம் என்பார்கள்? அதற்கு ஆம் என்று போட்டவர்களின் சதவீதம் பிறகு அறிக்கையில் மூடுவதற்கான ஆதரவு போல வந்து நிற்கும். அதனால் டிக் போடும் பெட்டிகளோடு நிற்காமல், கீழே இருக்கும் வெற்று இடத்தில், அல்லது தனிக் கடிதமாக, உங்கள் ஆளுக்கு என்ன போகும் என்று எழுதுங்கள். கவுன்சில் சும்மா பேருக்குக் கருத்துக் கேட்க முடியாது. 1985-இல் பிரென்ட் கவுன்சில் பள்ளிக்கூடங்களை மூடப் பார்த்த வழக்கிலிருந்து வந்த கன்னிங் விதிகள் என்று நாலு இருக்கின்றன: முடிவெடுக்கும் முன்பே கேட்க வேண்டும், விளங்கிப் பதில் சொல்லக்கூடிய அளவு காரணங்களைத் தர வேண்டும், போதிய காலம் தர வேண்டும், வந்த பதில்களை மனச்சாட்சியோடு கவனிக்க வேண்டும். 2014-இல் ஹாரிங்கே கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதிப்படுத்தி, கைவிட்ட மாற்று வழிகளையும் அந்தச் சந்தர்ப்பத்தில் சனத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றது. எங்கள் கடிதத்தில் மாற்று வழி எதுவும் இல்லை, ஈஸி ரீட் பிரதியும் இல்லை. படமும் சின்ன வசனங்களுமாக இருக்கும் அந்தப் பிரதி இல்லாமல், சென்டருக்குப் போகிறவர்களிடமே கருத்துக் கேட்டோம் என்று எப்படிச் சொல்வது? குறைபாடு உள்ளவர்களின் சமத்துவத்தைக் கவுன்சில் கவனத்தில் எடுக்க வேண்டும் என்கிற ஈக்குவாலிட்டி ஆக்டின் 149-ஆம் பிரிவைச் சொல்லி ஒரு ஈமெயில் போட்டோம், பிரதி வந்தது, காலமும் நீட்டப்பட்டது. வக்கீல் யாரும் இல்லை, சில அம்மாமாரும் நானும்தான்.

அப்படியும் கட்டடம் மூடப்பட்டது. பெரும்பாலும் மூடப்படும், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். எங்கள் குழுவில் சிலர் பதாகை, கையெழுத்து, உள்ளூர்ப் பத்திரிகை என்று முழுச் சக்தியையும் கட்டடத்தில் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எங்களுக்கு அந்த நீட்டிப்பே கிடைத்திருக்காது. ஆனால் கட்டடத்தின் மேல் உங்களுக்குச் சட்ட உரிமை மிகக் குறைவு. கேர் பிளானின் மேல் நிறைய இருக்கிறது. கேர் ஆக்ட் 2014-இன் 18-ஆம் பிரிவுப்படி, தகுதியுள்ள ஒருவரின் தேவைகளைக் கவுன்சில் நிறைவேற்றியே ஆக வேண்டும். சென்டர் மூடினாலும் தேவை மூடாது. இரண்டு வழிகள் தேவையைப் பூர்த்தி செய்தால் விலை குறைந்ததை அவர்கள் தேர்ந்தெடுக்கலாம். காசில்லை என்பதற்காகத் தேவையையே விட்டுவிட முடியாது. அதேபோல, ஆளையும் கவனிக்கும் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளாமல் பிளானை மாற்றவும் முடியாது. ஆகவே மூடும் முடிவு வந்த உடனே "என் தம்பிக்கு முழு மறுமதிப்பீடு வேண்டும், புதிய பிளான் ஒத்துக்கொள்ளப்படும் வரை இப்போதுள்ள ஏற்பாட்டைக் குறைக்க வேண்டாம்" என்று எழுத்தில் கேளுங்கள். போனில் கதைத்தால் அன்றைக்கே "இன்று கதைத்ததை உறுதிப்படுத்துகிறேன்" என்று ஒரு ஈமெயில் போட்டுவிடுங்கள். சோஷல் வேர்க்கர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஈமெயில் மாறாது.

இப்போது அந்த மதிப்பீட்டு நாளுக்கு வருகிறேன், தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இழப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். சோஷல் வேர்க்கர் வருகிறார் என்றால் அம்மா காலமையே வீட்டைக் கழுவி, தம்பிக்கு நல்ல சேர்ட் போட்டு, வடையும் தேத்தண்ணியும் வைத்துக் காத்திருப்பார். "அவர் தானே சாப்பிடுவாரா?" என்று கேட்டால் "ஓமோம், நல்லாச் சாப்பிடுவான், பிரச்சினை இல்லாத பிள்ளை" என்பார். அம்மா பொய் சொல்லவில்லை. குழைத்துக் கோப்பையில் போட்டு, பக்கத்தில் இருந்து, தொண்டையில் சிக்காமல் பார்த்துக்கொண்டால் அவன் தானே சாப்பிடுவான். ஆனால் படிவத்தில் விழுவது "சுயமாகச் சாப்பிடுகிறார்" என்பது மட்டும். பிள்ளையைப் பற்றி வெளியாளிடம் குறை சொல்வதா என்ற மானம், கவுன்சில்காரரிடம் கூடக் கேட்டால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் ஹோமில் விட்டுவிடுவார்களோ என்ற பயம், இரண்டும் சேர்ந்து எங்கள் வீடுகளில் தேவைகளைப் பாதியாகக் காட்டிவிடும்.

நான் செய்தது இதுதான். அம்மாவோடு முதல் நாளே இருந்து கதைத்தேன். "அம்மா, அவனைப் பற்றிக் குறை சொல்லத் தேவையில்லை, நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கோ" என்றேன். அது வேலை செய்தது, ஏனென்றால் தன் வேலையைச் சொல்வதில் அம்மாவுக்குக் கூச்சம் இல்லை. இரவில் எத்தனை மணிக்கு எழும்பிப் பார்ப்பது, பாத்ரூமுக்கு வெளியே ஏன் நிற்பது, மருந்தை எப்படிக் கொடுப்பது என்று அரை மணித்தியாலம் நிறுத்தாமல் சொன்னார். மொழிபெயர்க்க நான் இருக்கவில்லை, கவுன்சிலிடம் தமிழ் உரைபெயர்ப்பாளர் கேட்டிருந்தோம். மகள் மொழிபெயர்த்தால் தாய் சிலதைச் சொல்ல மாட்டார், மகளும் சிலதைச் சுருக்கிவிடுவாள். கேட்டால் தருவார்கள், ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

மதிப்பீட்டில் பத்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: சாப்பாடு, சுத்தம், டாய்லெட், உடுப்பு, வீட்டில் பாதுகாப்பு, வீட்டைப் பராமரிப்பது, உறவுகளும் நட்பும், வேலை அல்லது படிப்பு அல்லது தொண்டு, வெளியிடங்களையும் பஸ்ஸையும் பாவிப்பது, தன் பிள்ளைகளைப் பார்ப்பது. இவற்றில் இரண்டோ கூடவோ முடியாமல், அதனால் அவருடைய நலனுக்குப் பெரிய பாதிப்பு இருந்தால் தகுதி உண்டு. உதவி இல்லாமல் செய்ய முடியாவிட்டால் மட்டுமல்ல, செய்ய வழக்கத்தைவிட மிக அதிக நேரம் எடுத்தாலோ, செய்தால் வலியோ பதற்றமோ ஆபத்தோ வருமென்றாலோ, அதுவும் "முடியாது" என்றுதான் கணக்கு. தகுதியைப் பார்க்கும்போது குடும்பம் இப்போது செய்வதைக் கழித்துவிட்டுப் பார்க்க முடியாது. நீங்கள் செய்வதை எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர் தனியாக இருந்தால் என்ன ஆகும் என்றுதான் பார்க்க வேண்டும். மோசமான நாளைச் சொல்லுங்கள், நல்ல நாளை இல்லை. அதோடு 10-ஆம் பிரிவின்படி கவனிப்பவருக்கும் தனி மதிப்பீடு உண்டு, நீங்கள் வேலை செய்கிறீர்களா, செய்ய விரும்புகிறீர்களா என்பதை அதில் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். நானும் அம்மாவும் தனித்தனியாகச் செய்தோம். பிறகு மணித்தியாலங்களைக் குறைக்கப் பார்த்தபோது என் வேலை நேரம் ஏற்கெனவே அவர்களுடைய பைலிலேயே இருந்தது.

சரி, அந்த ஒரு வரிக்கு வருவோம். மூடுவதற்கு முன் ஒரு சாதாரணக் கிழமையை எடுத்து, காலமை தொடங்கி அவன் வீட்டுக்கு வரும் வரை சென்டர் அவனுக்கு என்னென்ன செய்தது என்று மணிப்படி எழுதினேன். ஊழியர்களிடமும் கேட்டேன், அவர்களும் வேலை போகும் கவலையில் இருந்தாலும் மனம் விட்டுச் சொன்னார்கள். மினிபஸ்ஸில் பெல்ட் போட ஒருவர். வந்த உடனே பத்து நிமிஷம் தனியறையில் இருந்தால்தான் அன்றைய நாள் சரியாகப் போகும். சாப்பாட்டை வெட்டித் தர ஒருவர். வலிப்பு மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்றவர்கள் இரண்டு பேர் எப்போதும் கட்டடத்துக்குள். பல்லு வலியை முதலில் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, அங்கே இருந்த ஒரு ஊழியர், அவன் அப்பிளைத் தள்ளி வைத்ததைப் பார்த்து. இப்படி எழுதிக்கொண்டு போனால் மூன்று பக்கம் வந்தது. அந்த மூன்று பக்கத்தையும் மதிப்பீட்டோடு இணைக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "புதிய ஏற்பாட்டில் இதை யார், எங்கே, எத்தனை மணிக்கு?" என்று கேட்டோம். கவுன்சில் முதலில் தந்த யோசனை கிழமைக்கு சில மணித்தியாலம் "கம்யூனிட்டி ஆக்டிவிட்டி". அந்தத் தாளுக்கு முன்னால் அது நிற்கவில்லை.

கடுமையான உடல் தேவைகள் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கட்டடத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்களை வெளியே அனுப்புவதுதான் இப்போது பல கவுன்சில்களின் வழி. வீல்சேரில் இருப்பவர்கள் உள்ளே, நன்றாகக் கதைக்கத் தெரிந்தவர்கள் வெளியே வேலை தேடி. நடுவில் நிற்கிற என் தம்பி மாதிரி ஆட்கள்தான் விழுவார்கள்: நடப்பான், சிரிப்பான், குட் மார்னிங் சொல்வான், ஆகவே பார்ப்பவருக்கு எல்லாம் சரி என்று தோன்றும். உங்கள் ஆள் இந்த நடு ஆள் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை.

டைரக்ட் பேமென்ட் பற்றி நிறையச் சொல்லலாம். சேவைக்குப் பதில் காசாகத் தந்து, நீங்களே ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது. தம்பிக்கு இதைப் பற்றித் தானே முடிவெடுக்கும் அளவு விளக்கம் இல்லாதபடியால் அவன் சார்பில் நான் பொறுப்பாளராகப் பதிந்திருக்கிறேன். நன்மை பெரியது, அதை மறுக்க மாட்டேன். தமிழ் கதைக்கிற ஒரு பெடியனை பர்சனல் அசிஸ்டன்டாக வைத்துக்கொள்ள முடிந்தது. தம்பிக்கு இங்கிலீஷ் விளங்கும், ஆனால் பயந்தால் தமிழ்தான் வரும், இத்தனை வருஷமும் சென்டரில் அது யாருக்கும் விளங்கியதில்லை. ஆனால் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் நீங்கள் முதலாளி. பேரோல், நேஷனல் இன்சூரன்ஸ், லீவுச் சம்பளம், பென்ஷன், எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி இன்சூரன்ஸ் எல்லாம் உங்கள் தலையில். மணித்தியாலத்துக்குக் கவுன்சில் தரும் தொகையில் இவை எல்லாம் அடங்குமா என்று கையெழுத்துப் போடும் முன் கூட்டிப் பாருங்கள். எங்களுக்கு முதலில் சொன்ன தொகையில் அடங்கவில்லை, கணக்கை எழுதிக் காட்டிய பிறகு கூட்டினார்கள். அந்தப் பெடியனுக்குச் சுகமில்லாமல் போனால் யார் வருவார் என்ற மாற்று ஏற்பாட்டுக்கும் காசு கேளுங்கள். ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினருக்கு இந்தக் காசிலிருந்து சம்பளம் கொடுக்கப் பொதுவாக விட மாட்டார்கள், ஆகவே "அக்காவுக்கே தந்துவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பிக் கணக்குப் போட வேண்டாம். செலவாகாமல் மிஞ்சினால் திரும்ப எடுப்பார்கள். இந்தத் தலையிடி வேண்டாம் என்றால் டைரக்ட் பேமென்டை மறுக்கலாம், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அப்போது கவுன்சிலே சேவையை ஏற்பாடு செய்ய வேண்டும். கவுன்சில்காரர் இதை முன்வந்து சொல்வது குறைவு.

தனியார் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் இடங்களைப் பார்க்கப் போனோம். பராமரிப்புச் சேவைகளைப் பரிசோதிக்கும் அரசாங்க அமைப்பான சி.கியூ.சி.யின் ரேட்டிங் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், டே சென்டர்களை அவர்கள் பரிசோதிப்பதே இல்லை. சமூகப் பராமரிப்பில் வீடுகளில் கொடுக்கும் பராமரிப்பும் கேர் ஹோம்களும் மாதிரியானவைதான் அவர்களுடைய பொறுப்பு. ஆகவே நம் கண்தான் ரேட்டிங். சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள், ஊழியர்கள் கூட இருந்து சாப்பிடுகிறார்களா அல்லது சுவரோரம் நின்று போனைப் பார்க்கிறார்களா என்று பாருங்கள், டாய்லெட்டைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல விளம்பரத்தோடு இருந்த ஒரு இடத்தில் டாய்லெட் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அங்கே சேர்க்கவில்லை.

வெளியே கூட்டிக்கொண்டு போவதென்றால் டாய்லெட்தான் நாளின் வரைபடத்தையே தீர்மானிக்கும். சேஞ்சிங் பிளேசஸ் என்று பெரியவர்களுக்கான பெஞ்சும் உயர்த்தும் கருவியும் உள்ள டாய்லெட்டுகள் இருக்கின்றன, 2021 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்கள் பலவற்றில் அவை கட்டாயம். தம்பிக்கு அந்தளவு தேவை இல்லை, ஆனால் அவனுடைய கூட்டாளிகளில் இருவருக்கு அது இல்லாமல் வெளியே போகவே முடியாது. அவர்களுக்கு லைப்ரரியும் பூங்காவும்தான் "கம்யூனிட்டி" என்று பிளானில் எழுதிவிட்டுப் போனால் என்ன பிரயோசனம்?

"கம்யூனிட்டி" என்றால் என்ன என்பதிலும் ஒரு இழுபறி. அவர்கள் கொண்டுவந்த பட்டியலில் கஃபே, போலிங், நீச்சல். என் தம்பியின் ஊர் என்பது கோயிலும் தமிழ்க் கடைத்தெருவும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், அன்னதானத்தில் தட்டு அடுக்கிக் கொடுப்பது அவனுக்குப் பெரிய உத்தியோகம். ஐயர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், தெரிந்த சனம் தலையைத் தடவிவிட்டுப் போகும். இதையும் தொண்டு வேலை என்று பிளானில் போடச் சொன்னேன். வந்திருந்த சோஷல் வேர்க்கர் கொஞ்சம் யோசித்தார், பிறகு போட்டார். இப்போது வெள்ளிக்கிழமை பர்சனல் அசிஸ்டன்டின் மணித்தியாலங்கள் அதற்குத்தான். டே சென்டர் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை பகல் அவன் கோயிலுக்குப் போனதே இல்லை, அங்கே வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும், நாங்கள் மரக்கறிச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாலும் பக்கத்துத் தட்டில் கை போகும்.

வேலை கிடைக்கும் என்ற பேச்சைக் கொஞ்சம் அளந்து கேளுங்கள். லேர்னிங் டிசபிலிட்டி உள்ளவர்களில், கவுன்சிலின் நீண்டகால ஆதரவில் இருப்பவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்வது இங்கிலாந்தில் சுமார் 5 சதவீதம்தான். அது அவர்களால் முடியாது என்பதற்காக இல்லை. வேலையிடத்தில் கூட நின்று பழக்கித் தர ஆள் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். தம்பியோடு சென்டரில் இருந்த ஒரு பெண் இப்போது ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் மேசை துடைக்கிறாள், சம்பளச் சீட்டைப் பார்ப்பவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். சென்டர் திறந்திருந்தால் அவள் இன்னும் பஸில் அடுக்கிக்கொண்டுதான் இருந்திருப்பாள். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

போக்குவரத்து. மினிபஸ்ஸை நிறுத்தும்போது "பிப்பில் மொபிலிட்டிக் காசு வருகிறதே" என்பார்கள். பிப் என்பது குறைபாடு உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை, மொபிலிட்டி அதில் நடமாட்டத்துக்கான பகுதி. கவுன்சில் கட்டணத்துக்கான வருமானக் கணக்கில் மொபிலிட்டிப் பகுதியைச் சேர்க்கவே கூடாது. போக்குவரத்து இல்லாமல் சேவைக்குப் போக முடியாது என்றால், அதுவும் தேவைதான் என்று பிளானில் எழுதச் சொல்லுங்கள்.

கட்டணம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சேவை மாறும்போது நிதி மதிப்பீடும் புதிதாகச் செய்வார்கள். அதில் அவருடைய சொந்தக் காசை மட்டும்தான் பார்க்கலாம், உங்கள் சம்பளம், அம்மாவின் சேமிப்பு, வீடு எதையும் தொட முடியாது. அவர் பெயரில் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவையும் அவரே கட்ட வேண்டி வரலாம், 14,250-க்குக் கீழே இருந்தால் சேமிப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள் "பிள்ளைக்குப் பின்னாளில் உதவும்" என்று அவர் பெயரிலேயே பேங்கில் போட்டு வைப்பார்கள், உயிலிலும் நேரடியாக எழுதி வைப்பார்கள். நல்ல மனசு, ஆனால் அந்தக் காசு முதலில் கவுன்சிலுக்குத்தான் போகும். டிரஸ்ட் மூலம் எழுதி வைப்பது பற்றித் தெரிந்த சொலிசிட்டர் ஒருவரைப் பாருங்கள். மேலதிகச் சலவை, அடிக்கடி கிழியும் உடுப்பு, விசேஷச் சப்பாத்து மாதிரி அவருடைய குறைபாட்டால் வரும் செலவுகளைக் கழிக்கக் கேட்கலாம், ரசீதுகளை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். எங்களுக்குக் கட்டணம் பாதிக்கு மேல் குறைந்தது இப்படித்தான்.

இவ்வளவு எழுத்துக்குப் பிறகும் கைவிட்டுப் போனது கூட்டாளிகள்தான். பல வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கள், ஒருவர் ஒரு திசை மற்றவர் இன்னொரு திசை. போன் நம்பர் கேட்டால் டேட்டா புரொடெக்ஷன் என்று சென்டரில் தர மாட்டார்கள். குடும்பத்தவர்களாகிய நாங்கள் ஒருவரை ஒருவர் வாசலில் பார்த்துக் கையசைத்ததோடு சரி. கடிதம் வந்த கிழமையே செய்ய வேண்டிய வேலை இது: மற்றக் குடும்பங்களின் நம்பரை நேரடியாக வாங்கி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். எங்களுடைய குழு சென்டருக்காகத் தொடங்கியது, இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு சேர்ச் ஹோலை எடுத்து எல்லோரும் சந்திக்கிறார்கள், வாடகையைப் பிரித்துக் கட்டுகிறோம். நட்பைப் பேணுவதும் அந்தப் பத்து விஷயங்களில் ஒன்று, ஆகவே அதற்கான போக்குவரத்தும் துணையும் கேட்கலாம். சில குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கிறது, எங்களுக்கு இன்னும் இல்லை.

உடம்பைக் கவனிக்க ஒரு கண் குறைந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் லேர்னிங் டிசபிலிட்டிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். 14 வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முழுப் பரிசோதனைக்கு வழி இருக்கிறது, தம்பியின் பெயர் பதிவேட்டில் இருந்தும் பல வருஷம் யாரும் கூப்பிடவில்லை. பல் டாக்டர் தனி.

முறைப்பாடு செய்வதென்றால் முதலில் கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவு, அது தீரவில்லை என்றால் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷல் கேர் ஒம்புட்ஸ்மன் என்ற சுயாதீன முறைப்பாட்டு அதிகாரி, செலவு இல்லை, விஷயம் தெரிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். மூடும் முடிவையே நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதென்றால் மூன்று மாதம்தான் ஆகக் கூடிய எல்லை, அதற்குள்ளும் தாமதிக்காமல் போக வேண்டும், ஆகவே ஒம்புட்ஸ்மனைக் காத்துக்கொண்டு இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். வழக்கு சேவையைப் பெறுபவரின் பெயரில் போவதால் லீகல் எய்டுக்கும் (அரசாங்கம் தரும் வழக்குச் செலவு உதவி) அவருடைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், எங்கள் ஆட்கள் பலர் "நாங்கள் வேலை செய்கிறோம், கிடைக்காது" என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பல தடவை வக்கீலின் முதல் கடிதத்தோடேயே கவுன்சில் இறங்கி வந்துவிடும், எங்கள் குழுவில் ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் மினிபஸ் திரும்பக் கிடைத்தது.

பிளானை வருஷத்துக்கு ஒரு தரமாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும். இந்த வருஷக் கூட்டத்துக்கு முன் அனுப்பிய ஈமெயிலில் செவ்வாய்க்கிழமை மணித்தியாலங்களைக் குறைக்கும் யோசனை இருக்கிறது, காரணம் "நன்கு பழகிவிட்டார்". நன்றாகப் பழகியது அந்த மணித்தியாலங்கள் இருப்பதால்தான் என்று பதில் எழுதி, பழைய மூன்று பக்கத்தையும் புதுக் குறிப்புகளோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கும் உரைபெயர்ப்பாளர் கேட்டாயிற்று.